வாட்சை மேல ஏத்துற நர்ஸம்மா

அந்தம்மா கையால நான் வாங்கின அடி ரெண்டு. மூணாவதா ஒரு அடி எனக்கு வரவேண்டியது இருந்துச்சு. அது வரல. முதல் ரெண்டும் எப்பவோ ஆறிப்போச்சு. வராத அந்த அடிதான் இத்தனை வருஷமா கன்னத்துல கிடந்து எரியுது.

பேரு என்னன்னு நான் கேக்கல. கேக்கிற நிலைமையில அங்க யாரும் இல்ல. அந்தம்மா எங்க எஸ்டேட்டுல இருந்தது மொத்தமே பத்துப் பன்னெண்டு நாள். மூஞ்சிக்கு நேரா நர்ஸம்மான்னு கூப்பிடுவோம். அங்கிட்டு திரும்பினா அடிக்காரி.

நல்ல ஒசரம், ஆம்பிளைத் தோளு. வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகியிருக்கும், கீழ பட்டாளத்து பூட்ஸு. சண்டை நடந்த காலத்துல பர்மா எல்லையில பட்டாளத்து ஆசுபத்திரியில இருந்ததாம். வலது கையில ஆம்பிளைங்க கட்டுற பெரிய வாட்சு, ஸ்பிரிங் பட்டை போட்டது. யாரையாவது அடிக்கப்போறதுக்கு முன்னாடி அந்த வாட்சை மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் சர்ருனு மேல ஏத்தும். கண்ணாடி உடஞ்சிரக்கூடாதுல்ல! வாட்சு மேல போச்சுன்னா எவன் கன்னத்துலயோ விழப்போகுதுன்னு அர்த்தம். கிட்ட நிக்கிறவன் எல்லாம் ஒரு எட்டு பின்னால போயிருவான்.

அடிக்கிற கைக்கும் பேசுற வாய்க்கும் சம்பந்தமே கிடையாது. அந்தம்மாவுக்கு ஊரு பாலக்காட்டுக்குக் கிழக்க, பெருமாட்டிப் பக்கம். அங்க எல்லாம் கோயமுத்தூர்க்காரங்க மாதிரி வாய்க்கு வாய் "ங்க" போட்டுத்தான் பேசுவாங்களாம். "ஏனுங்க, கண்ணைத் தொறங்க"ன்னு சொல்லும், பளீர்னு ஒண்ணு விழும். "இப்படித் தூங்கப்படாதுங்க"ன்னு சொல்லும், இன்னொண்ணு விழும். எங்க சனத்துக்கு அது முதல்ல புரியவே இல்ல. எங்க தெக்கத்தி வழக்கத்துல அடிக்கிறதுன்னா வசவும் சேந்து வரும். மரியாதையா பேசிக்கிட்டே அடிக்கிற பொம்பளையை யார் கண்டா?

நாங்க சங்கரன்கோயில் பக்கத்துல இருந்து கங்காணி கூட்டியாந்த சனம். நான் பிறந்தது மட்டும் இந்தத் தேயிலைக்குள்ள. ஏலப்பாறையில இருந்து மேல ஏறணும் எங்க எஸ்டேட்டுக்கு. கேரளம்னு புதுசா ராஜ்யம் உண்டாக்கி ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். அந்த வருஷம் ஆடியில பிடிச்ச மழை விடவே இல்ல. மழைக்கு வேலையை நிறுத்திட்டாங்க. மத்தியானம், எல்லாரும் வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீட்டுக்குள்ள கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கிற நேரம். நான் குடத்தை எடுத்துக்கிட்டுக் குழாயடிக்குப் போனேன். மலைக்குள்ள இருந்து மாடு கத்துற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. திரும்பிப் பாக்குதேன், லயத்தைக் காணோம்.

உருள் பொட்டிருச்சு. மண்ணும் பாறையும் மரமும் சேந்து இருவது வீட்டு மேல வந்து விழுந்து கீழ ஓடைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் எப்படி ஓடினேன்னு தெரியாது. சேத்துக்கு மேல கொத்து முடி தெரிஞ்சுச்சு. எம் மக செல்வி முடி. நாலு வயசுப் பிள்ளை. அந்த முடியைப் பிடிச்சு இழுத்தேன். கூரைத் தகரம் ஒண்ணு அவ பாதத்துல செருகிக்கிட்டு விடமாட்டேங்குது. ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பிய்ச்சேன். பிள்ளையும் வந்துச்சு, பாதத்துச் சதையும் கிழிஞ்சு வந்துச்சு. எம் புருஷனை மறுநாள்தான் தோண்டி எடுத்தாங்க. உத்தரத்துக்கு அடியில, உசுரோட.

மூணு நாள் யாரும் வரல. ரோடு எல்லாம் உடைஞ்சு கிடந்துச்சு. மூணாம் நாள் காலையில ஒரு தர்ம ஆசுபத்திரிக் கூட்டம் வந்து சேந்துச்சு. பொள்ளாச்சி, கம்பம்னு சுத்திக் குமுளி வழியா ஜீப்பில வந்து, ஜீப்பு நின்ன இடத்துல இருந்து மருந்துப் பெட்டியைத் தலையில தூக்கி நடந்திருக்காங்க. ஒல்லியா ஒரு மலையாளி டாக்டர், ரெண்டு கம்பவுண்டர், சுமையாளுங்க, அப்புறம் இந்தம்மா.

வந்த உடனே முதல் அடி யாருக்கு விழுந்துச்சு தெரியுமா? எஸ்டேட் பெரிய கிளார்க்குக்கு. அடிபட்டவங்களைப் படுக்க வைக்க இடம் வேணும். பாக்டரிக்கு மேல கொழுந்து வாட்டுற மாடி இருக்கு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சாக்குத் துணி இழுத்துக் கட்டின தட்டு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. அதுல கொழுந்து பரத்திக் கிடந்துச்சு. கிளார்க்கு சாவி தரமாட்டேங்கான். துரை வரட்டும், கொழுந்து வீணாப்போயிரும்ங்கான்.

"சார், நீங்க சொல்றது நாயந்தானுங்க"ன்னுச்சு அந்தம்மா. வாட்சு மேல போச்சு. கிளார்க்கு தொப்பி ஒருபக்கம், அவன் ஒருபக்கம். "சாவியக் குடுங்க சார். கொழுந்தைக் கீழ தள்ளிரலாமுங்க."

கொழுந்து வாட்டுற தட்டுல எங்க சனத்தைப் படுக்க வச்சாங்க. மூணு நாளா அழுகின காலும் கையும். அந்த மாடியில எந்நேரமும் தேயிலை வாசம்தான் அடிக்கும். அன்னைக்கு அடிச்ச நாத்தத்தை நான் சொல்லமாட்டேன்.

சுடலைன்னு ஒரு கவாத்துக்காரன். கவாத்துன்னா தேயிலைச் செடியை வெட்டி விடுற வேலை, அதுல அவன் சூரன். வலது கால் முட்டிக்குக் கீழ நசுங்கிக் கறுத்துப்போச்சு. எடுத்தே ஆகணும்னுட்டாரு டாக்டர். மயக்க மருந்து கொஞ்சந்தான் இருக்கு, அது பிள்ளைகளுக்கு வேணும். நாலு பேரு சுடலையைப் பிடிச்சுக்கிட்டோம், நானும் ஒரு கையைப் பிடிச்சேன். அந்தம்மா அவன் நெஞ்சு மேல ஏறி உக்காந்துச்சு. டாக்டர் ரம்பத்தை வச்சாரு.

அந்தச் சத்தம் இருக்கே. வேணாம், விடுங்க.

சுடலைக்குக் கண்ணு சொருகும். ஒரு அடி. "எம்பட மூஞ்சியப் பாருங்க." மறுபடி சொருகும். இன்னொரு அடி. அவன் வாயில வராத கெட்ட வார்த்தை இல்ல. அந்தம்மாவோட ஆத்தா, பாட்டி எல்லாரையும் இழுத்தான். "அப்படித்தானுங்க, நல்லாத் திட்டுங்க. இன்னும் கொஞ்சந்தான், திட்டுங்க"ன்னு சிரிக்குது இந்தம்மா. மூஞ்சி பூரா ரத்தம் தெறிச்சிருக்கு. கால் தனியா வந்து விழுந்தப்ப சுடலை உசுரோட இருந்தான். பின்னால ஏலப்பாறையில பெட்டிக்கடை போட்டு உக்காந்து, வாரவன் போறவன்கிட்ட எல்லாம், "நாப்பது அறை வாங்கியிருக்கேன்லே, ஒரு பொம்பளைகிட்ட!"ன்னு பெருமையா சொல்லுவான்.

அப்படி நாப்பது அறை அறைஞ்ச அந்தம்மா எம் புருஷனை ஒரு அடி அடிக்கல.

அவரு ஓரத்துத் தட்டுல கிடந்தாரு. வெளிய காயம்னு ஒண்ணும் பெருசா இல்ல. நெஞ்சுக்கூடு உள்ள அமுங்கிப்போச்சு. மூச்சு இழுக்கையில வாயில நுரை நுரையா ரத்தம் வரும். கண்ணு மூடிமூடிப் போகுது. நான் போய் அந்தம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். சுடலையை எழுப்பின மாதிரி இவரையும் எழுப்பிரும்னு ஒரு நம்பிக்கை. கிட்ட வந்து நெஞ்சைத் தொட்டுப் பாத்துச்சு, கண்ணைத் தூக்கிப் பாத்துச்சு. வாட்சை மேல ஏத்துச்சு. அப்பாடா, அடிக்கப்போகுதுன்னு நினைச்சேன்.

ஒரு கும்பாவுல தண்ணியை எடுத்துத் துணியை நனைச்சுப் பிழிஞ்சுச்சு. அவரு மூஞ்சியைத் தொடைச்சுச்சு. கண்ணு, மூக்கு, காதுக்குள்ள இருந்த சேறு, எல்லாத்தையும் பைய பையத் தொடைச்சுச்சு. "தூங்குங்க சாமி"ன்னு சொல்லுச்சு.

"அடிங்கம்மா! அவரை எழுப்புங்கம்மா!"ன்னு கத்துதேன். என்னையப் பாக்கவே இல்ல, அடுத்த தட்டுக்குப் போயிருச்சு. கொஞ்ச நேரத்துல அவரு போயிட்டாரு.

நான் அவரு மேல விழுந்து கிடந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. தோளைப் பிடிச்சு யாரோ திருப்பினாங்க. பளீர்னு விழுந்துச்சு, காது ங்ங்ஙொய்ன்னுச்சு. அதுதான் எனக்கு முதல் அடி. "எந்திரிங்க அம்முணி. உங்க கொழந்தை பசிச்சு அழுகுதுங்க."

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. புருஷனை அடிச்சு எழுப்புடின்னா தொடைச்சு விடுதா, புருஷன் செத்துக் கிடக்கிறவளை அடிக்கா. அந்த நிமிஷத்துல இருந்து அந்தம்மா மேல எனக்கு ஆத்திரம். பச்சை ஆத்திரம்.

அஞ்சாம் நாள் இன்னொரு பெட்டி மருந்து வந்துச்சு. ரணஜன்னிக்கு ஊசி. சேத்துல அடிபட்ட காயத்துல அந்த விஷம் ஏறினா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வாய் பூட்டிக்கிடுமாம், உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு முறுக்கிக் கொன்னுருமாம். காயம் பட்ட எல்லாருக்கும் போடணும்னு சொன்னாங்க. ஊசி போட்ட ஆளுக்கு நெத்தியில ஒரு பெருக்கல் குறி கிழிக்கும் அந்தம்மா. நாக்குல நனைச்சா ஊதாவா எழுதுமே ஒரு பென்சில், அதால. சீட்டு எழுதிக் குடுத்தா மழையில நனைஞ்சிரும், நெத்தி எங்க போகும்? பட்டாளத்துல படிச்ச பழக்கம்.

முதல்ல சடையாண்டிக் கிழவனுக்குப் போட்டாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல கிழவனுக்கு உதடு வீங்குச்சு, கண்ணு வீங்குச்சு. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுதான். அந்தம்மா ஓடியாந்து இன்னொரு ஊசி குத்துச்சு, கையை மடக்கி நெஞ்சுல குத்துச்சு, கன்னத்துல அறைஞ்சுச்சு. ஒண்ணும் நிக்கல. எங்க எல்லாரு கண்ணு முன்னாலயும் மூஞ்சி நீலம்பாஞ்சு செத்தான். "குதிரை ரத்தத்துல எடுக்கிற மருந்து, சில பேருக்கு ஒத்துக்காது"ன்னு கம்பவுண்டர் சொல்லிட்டான். குதிரை ரத்தமா! அது போதாதா எங்க சனத்துக்கு?

அந்தம்மா ஊசியை நிறுத்தல. அதுக்கப்புறம் முதல்ல ஒரு சொட்டு மட்டும் தோலுக்கடியில குத்தும், அரைமணி வாட்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். ஒண்ணும் ஆகலைன்னா முழு ஊசி. ஓடுறவனைப் பிடிச்சு அறைஞ்சு போட்டுச்சு. பிள்ளைக எல்லாம் அந்த வெள்ளைச் சேலையைக் கண்டாலே வீறிட்டு அழுகும்.

எனக்கு மிச்சம் செல்வி ஒருத்தி. அவளைக் கொண்டுபோய் அந்தக் கையில குடுப்பேனா? கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை பையி ஆணியில தொங்கிச்சு, மனுஷன் மண்ணுக்குள்ள போயிட்டான். பைக்குள்ள அதே ஊதாப் பென்சிலு. எங்க கொழுந்து எடையை அவன் அதாலதானே எழுதுவான். நாக்குல நனைச்சு எம் மக நெத்தியில குறுக்க ரெண்டு கோடு இழுத்தேன். அச்சு அசலா இருந்துச்சு.

பக்கத்து வீட்டுப் பேச்சி பாத்துட்டா. அவ மகன் மாடசாமிக்கு அஞ்சு வயசு, குதிகால்ல ஆணி ஏறின காயம். "எக்கா, எம் பிள்ளைக்கும் போடுக்கா"ன்னு கையைப் பிடிச்சா. போட்டேன். "யாருகிட்டயும் சொல்லிராதக்கா. அந்த அடிக்காரிக்குத் தெரிஞ்சா விடமாட்டா. சத்தியம் பண்ணுக்கா."

எங்கள்ல சத்தியம்னா பிள்ளை தலையில கை வச்சுத்தான். செல்வி தலையில கையை வச்சு, "சொல்லமாட்டேன்"ன்னேன். தலையில அடிச்ச சத்தியத்தை மீறினா அந்தப் பிள்ளை தங்காது. அதுல எங்க யாருக்கும் சந்தேகம் கிடையாது. அன்னைக்கே பேச்சி மகனைத் தூக்கிக்கிட்டு, நாலு மைலுக்கு அப்பால இன்னொரு எஸ்டேட்டுல இருக்கிற அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.

மறுநாள் பாக்டரிக்கு வெளிய கஞ்சி ஊத்துறாங்க. செல்வி என் இடுப்புல இருக்கா. அந்தம்மா வரிசையை ஒட்டி நடந்து வருது. ஒவ்வொரு பிள்ளையா முகத்தைத் திருப்பிக்கிட்டு அலறுது. எங்கிட்ட வந்துச்சு. செல்வி நெத்தியைப் பாத்துச்சு, குறி இருக்கு. தாண்டிப் போயிருச்சு. எனக்குப் போன உசுரு வந்துச்சு.

நாலு எட்டு போன அந்தம்மா நின்னுச்சு, திரும்பிச்சு. எம் மக யாரைப் பாத்தாலும் சிரிக்கும், அப்படிப் பிள்ளை. அந்தம்மாவைப் பாத்தும் சிரிச்சுக்கிட்டுக் கையை நீட்டுது, தூக்கச் சொல்லி.

"என்னையப் பாத்துச் சிரிக்குதுங்களே அம்முணி"ன்னுச்சு. "நான் ஊசி போட்ட கொழந்தை எதுவும் என்னையப் பாத்துச் சிரிச்சதில்லைங்க."

வாட்சு மேல போறதைப் பாத்தேன். விலகத் தெரியல. அது ரெண்டாவது அடி. கஞ்சிச் சட்டியோட கீழ விழுந்தேன். செல்வியை அந்தம்மா பிடிச்சிருச்சு. சுவரு ஓரத்துல சுடலையோட கவாத்துக் கத்தி கிடந்துச்சு. எடுத்தேன், வீசினேன். அந்தம்மா இடது கை முழங்கைக்குக் கீழ நீளமா பிளந்துச்சு, வெள்ளையா எலும்பு தெரிஞ்சுச்சு. குத்திக் கொன்னுருப்பேன், பொய் சொல்லமாட்டேன். "எம் புருஷனைக் கொன்ன, எம் பிள்ளையையும் கொல்லுவியாடி!"ன்னு மறுபடி வீசினேன். செல்வியைக் கீழ விட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கி, முதுகு தரையில அடிக்கத் தள்ளி, என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துச்சு. சுடலை மேல உக்காந்த மாதிரியே.

"கம்பவுண்டர், மருந்தைக் கொண்டாங்க. கொழந்தையப் பிடிங்க."

என் மேல உக்காந்தபடியே செல்வி கையில அந்தச் சொட்டு மருந்தைக் குத்துச்சு. அப்புறம் அரைமணி நேரம். அரைமணியும் என் மேலதான். கட்டுப் போடக் கூப்பிட்ட டாக்டரை, "இருங்க சார், இப்ப எந்திரிச்சா இந்தம்மணி கடிச்சு வச்சிருமுங்க"ன்னு அனுப்பிருச்சு. அந்தம்மா கை ரத்தம் என் ரவிக்கையில சொட்டிக்கிட்டே இருக்கு. நான் காறித் துப்புதேன், நகத்தால பிறாண்டுதேன். அந்தம்மா கண்ணு வாட்சுக்கும் எம் மக உதட்டுக்குமா போய்ப்போய் வருது. ஒண்ணும் வீங்கல. முழு ஊசியையும் போட்டு, என் கள்ளக் குறியை எச்சில் தொட்டு அழிச்சு, அது மேல தன் குறியைக் கிழிச்சுச்சு. செல்வி அலறின அலறல் இருக்கே, அன்னைக்கு முழுக்க ஓயல.

எந்திரிக்கையில குனிஞ்சு என் காதுகிட்ட கேட்டுச்சு. "வேற யாருக்காச்சும் இந்தக் கோடு போட்டீங்களா அம்முணி? சொல்லிப்போடுங்க. உங்களைய ஒண்ணுஞ் செய்யமாட்டனுங்க."

"இல்ல"ன்னேன்.

"கொழந்தை மேல ஆணையா?"

"போட்டதில்ல, போடி"ன்னேன்.

ஆத்திரத்துல சொன்னேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆத்திரம் பாதிதான். சத்தியம் மீறினா செல்வி செத்துருவாளேங்கிற பயம் பாதி. ஏற்கெனவே குதிரை ரத்தம் உள்ள போயிருக்கு, சத்தியமும் மீறினா பிள்ளை எப்படித் தங்கும்? அன்னைக்குப் பூரா செல்வி மூக்குல கையை வச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மறுநாளும் பாத்தேன். பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு, கஞ்சி கேட்டுச்சு. அப்பவும் நான் உண்மையைச் சொல்லல.

எட்டாம் நாள் காலையில கீழ் லயத்து ஆளு ஒருத்தனைத் தூக்கியாந்தாங்க. ஊசிக்குப் பயந்து காயத்தை மறைச்சு வச்சிருந்தவன். வாய் பூட்டியிருக்கு, கஞ்சி உள்ள போகல. யாரோ தகர டப்பாவைக் கீழ போட்டாங்க, டங்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான், அவன் உடம்பு தட்டுல இருந்து எகிறிச்சு. தலையும் குதிகாலும் மட்டும் சாக்குல இருக்கு, மத்த உடம்பு மேல வளைஞ்சு நிக்குது. பல்லு கடிபட்டு உடையுற சத்தம் கேட்டுச்சு. கண்ணுல முழிப்பு இருக்கு, எல்லாம் தெரியுது அவனுக்கு. மத்தியானத்துக்குள்ள ஆறேழு தடவை அப்படி முறுக்கி அவன் உசுரை எடுத்துருச்சு.

செல்வியைப் பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட இறக்கி விட்டுட்டு ஓடினேன். அந்தம்மா கையைத் தூளியில கட்டிக்கிட்டு ஒத்தைக் கையால யாருக்கோ கட்டு மாத்திக்கிட்டு இருந்துச்சு. காலைப் பிடிச்சேன். "பேச்சி மகனுக்கு நான்தாம்மா கோடு போட்டேன்"ன்னேன்.

அந்தம்மா உடனே எந்திரிச்சிருச்சு. மருந்துப் பெட்டியை எடுத்துச்சு. "வழி காட்டுங்க"ன்னுச்சு.

நாலு மைலு. பாதை எங்கயும் இல்ல, சேறுதான். ரெண்டு தடவை அந்தம்மா விழுந்துச்சு, கட்டு நனைஞ்சு ரத்தம் ஊறிச்சு. ஒரு இடத்துல ஓடை தண்ணி மார் வரைக்கும் வந்துச்சு. பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு என் தோளைப் பிடிச்சுத்தான் தாண்டுச்சு. ரெண்டு நாள் முந்தி வெட்டினவ தோளு. மூச்சு வாங்கையில, "ரெண்டு நாளுங்க, ரெண்டு நாளு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு வந்துச்சு. எங்கிட்டச் சொல்லல.

பேச்சி வாசல்லயே எங்களைப் பாத்துட்டா. "வாங்கம்மா"ன்னா. "காலையில இருந்து கஞ்சி குடிக்கமாட்டேங்கான். ஆனா சந்தோசமாத்தான் இருக்கான், சிரிச்சுக்கிட்டே இருக்கான் பாருங்க."

மாடசாமி பாயில கிடந்தான். நெத்தியில நான் போட்ட ஊதாக் கோடு அழியாம இருக்கு. வாய் ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு, பல்லு தெரிய, அந்தம்மாவைப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு மூஞ்சி. கண்ணு சிரிக்கல. கண்ணு ரெண்டும் பயந்துபோய் ஆத்தாளைத் தேடுது.

அந்தம்மா ஊசி போட்டுச்சு. எவ்வளவு கொண்டு வந்துச்சோ அவ்வளவையும் போட்டுச்சு. சன்னல்ல கம்பளியைக் கட்டி வெளிச்சத்தை மறைச்சுச்சு, யாரும் பேசக்கூடாதுன்னுச்சு. ரெண்டு நாள் அந்தப் பாயை விட்டு எந்திரிக்கல. பிள்ளை முறுக்கும்போதெல்லாம் நாக்கு கடிபடாம தன் விரலை வாயில குடுத்துச்சு. விரல் நகம் பிஞ்சு தொங்கிச்சு. வாட்சை மட்டும் மேல ஏத்தவே இல்ல. நான் மூலையில உக்காந்து அந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தேன். சுடலையை அறைஞ்ச மாதிரி ஒண்ணு அறையாதா, அறைஞ்சா பையன் எந்திரிச்சிருவானேன்னு மனசு கிடந்து அடிச்சுச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலத்துக்கு முன்னாடி அந்தம்மா கும்பாவுல தண்ணி கேட்டுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவன் மூஞ்சியைத் தொடைச்சுச்சு. நெத்தியில இருந்த கோட்டையும் தொடைச்சுச்சு. அது போகல. அந்தக் கோட்டோடதான் புதைச்சோம்.

பேச்சி அழுதா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ என் மூஞ்சியைப் பாத்ததில்ல. பேச்சியை அந்தம்மா ஒரு சொல்லு சொல்லல. எல்லாத்தையும் எனக்குத்தான் வச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

பிள்ளையைப் புதைச்சுட்டு வந்து, லயத்து வாசல்ல கல்லு மேல உக்காந்து பூட்ஸுல ஒட்டின சேத்தைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு அந்தம்மா. நான் எதுத்தாப்புல போய் மண்டி போட்டேன்.

"அடிங்கம்மா"ன்னேன். "ரெண்டு நாள் முந்திச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பான். நான் சொல்லல. என்னைய அடிங்க."

அந்தம்மா நிமிந்து என்னையப் பாத்துச்சு. தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் சிவந்து உள்ள போயிருந்துச்சு. அப்புறம் வலது கை வாட்சு மெல்ல மேல ஏறிச்சு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. இப்ப விழும், விழுந்தா நான் எந்திரிச்சு நின்னுருவேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கன்னத்தைக் காட்டினேன்.

தண்ணி சத்தம் கேட்டுச்சு. ஈரத்துணி வந்து என் மூஞ்சியில பட்டுச்சு. கண்ணைத் தொடைச்சுச்சு, மூக்கைத் தொடைச்சுச்சு. காதுக்குள்ள இருந்த சேத்தைப் பைய எடுத்துச்சு.

"தூங்குங்க சாமி"ன்னுச்சு.

"அடிங்கம்மா, அடிங்கம்மா!"ன்னு அந்த மலையே கேக்கிற மாதிரி கத்துதேன். அந்தம்மா துணியைப் பிழிஞ்சு கும்பாவுல போட்டுட்டு, பெட்டியை எடுத்துக்கிட்டு அடுத்த லயத்துக்கு நடந்து போயிருச்சு.